கருணாமிர்த சாகரம் இயற்றிய ஆபிரகாம் பண்டிதர்

மதுரையினின்று மேற்றிசை நோக்கிச் செல்வார்க்குத் தேனியைக் கடந்தவுடன் நிலத்தின் தோற்றம் வேறாகும். வலப்புறத்தே குடமலைத் தொடரும் இடப்புறத்தே வருசநாட்டு மலையும் மேகமலையும் நெருங்கி நிற்க, இடையே நீண்டு கிடக்கும் பள்ளத்தாக்கே கம்பம் பள்ளத்தாக்கு எனப்படுவது. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் ஆகிய ஊர்கள் அதன்கண் வரிசையாய் அமைந்துள்ளன. 1996-ஆம் ஆண்டில் தேனி மாவட்டம் ஏற்படும்வரை இந்நிலம் மதுரையைச் சார்ந்திருந்தது. ஆங்கிலேயர் காலத்தில் பெரியகுளம் தாலூகாவின் பகுதியாயிருந்தது. கம்பத்துக்கு அண்மையில் மலையினின்று வீழும் அருவியே சுருளித் தீர்த்தம். குகைகளும் மூலிகைகளும் நிறைந்த அம்மலையில் துறவிகள் தங்குதல் பண்டுதொட்ட வழக்கம். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் நீராடி முன்னோர்க்குக் கடன் கழிப்பான் வரும் மக்கள் இன்றும் மிகப் பலர்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தே தமிழிசை ஆராய்ச்சிக்குக் கால்கோள் செய்த ராவ் சாஹேப் ஆபிரகாம் பண்டிதரது வாழ்க்கை திரும்பியது இம்மலையடியிலேதான். அவர் பிறந்த ஊரும் இதுவன்று, வாழ்ந்து மறைந்த ஊரும் இதுவன்று. ஆயினும் அவர் செய்த மருந்துக்கும் எழுதிய நூலுக்கும் பெயர் வந்தது சுருளியினின்றே. தஞ்சைவாணர் அவரைத் தம்மவர் என்பர். நெல்லைச் சீமையார் தம்மவர் என்பர். கம்பம் பள்ளத்தாக்கினர் மட்டும் தமக்குள்ள உரிமையை ஏனோ கேளாதிருக்கின்றனர்.

பண்டிதர் 1859-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 2-ந் தேதி, இப்போது தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்த சாம்பவர் வடகரையில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்தார். தந்தையார் முத்துசாமி, தாயார் அன்னம்மாள். இளமையிலேயே கல்வியில் நாட்டங்கொண்ட அவர் உபாத்திமைத் தொழிலுக்குப் பயிலும்பொருட்டுத் திண்டுக்கல் நார்மல் பாடசாலையை அடைந்தார். பயிற்சி முடிந்தபின் அங்கேயே ஆசிரியராகவும் அமர்ந்தார். அக்காலத்து நார்மல் பாடசாலையில் கணக்கும் இலக்கணமும் வேதபாடமும் ஒருங்கே கற்பிக்கப்பட்டன. பின்னாளில் ஒரு தந்தியை எத்தனை பாகமாக வகுப்பது என்று பத்துத் தானம் வரை தசாம்சம் போட்டுக் கணக்கிடும் பொறுமை அவருக்கு அங்கேதான் வாய்த்திருக்க வேண்டும் என்பது என் துணிபு.

திண்டுக்கல்லில் அவருக்கு வாய்த்த மற்றொரு பேறு சடையாண்டிப் பத்தர் என்னும் சங்கீத வித்துவானது நட்பாகும். அவரிடம் பண்டிதர் இசை பயின்றார். பிடில் வாசிக்கவும் கற்றார். மூன்றாவது பேறு சுருளி மலையிற் கிடைத்தது. நாட்டு மருத்துவத்தில் வேட்கை மிக்கிருந்த அவ்விளைஞர், மூலிகை அறிந்தாரைத் தேடிச் சுருளிக்குச் சென்றனர். திண்டுக்கல்லினின்று கம்பம் ஏறக்குறைய எழுபது மைல். இருப்புப்பாதை பள்ளத்தாக்கின் வாயிலாகிய போடிக்கு வந்தது 1928-இல். ஆகவே அன்று கால்நடையும் கட்டைவண்டியுமே கதி. முல்லைப் பெரியாற்று அணை முடிவுற்று மேற்கே ஓடிய நீர் கிழக்கே திரும்பியது 1895-இல். அவர் கண்ட பள்ளத்தாக்கு இன்று நாம் காணும் இருபோக நெல்வயல் நிறைந்த பள்ளத்தாக்கு அன்று. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தின் வடு மக்களை விட்டு நீங்காத காலம் அது. பஞ்சமும் கொள்ளைநோயும் கண்ட ஓர் இளைஞன் மருந்து தேடி மலையேறுதல் வியப்பன்று.

அங்கே கருணானந்தர் என்னும் முனிவரை அவர் கண்டார். அம்முனிவர் அவரைத் தகுதியுடையராகக் கருதி மூலிகைகளின் இயல்பையும் மருந்து முடிக்கும் முறைகளையும் அறிவுறுத்தினர். இவ்வளவே நாம் உறுதியாய்ச் சொல்லத்தக்கது. முனிவரைப்பற்றி வழங்கும் அற்புதக் கதைகள் பல. அவற்றை இங்கே எடுத்தெழுதுவது நம் கருத்தன்று. நாம் நினைக்கத்தக்கது வேறொன்று. கிறிஸ்தவப் பாடசாலையில் ஊதியம் பெறும் ஆசிரியர் ஒருவர், குகைவாழ் துறவியை ஆசானாகக் கொள்கின்றார், கொண்டதை மறைக்கவுமில்லை. தாம் செய்த மருந்துகளைக் கருணானந்தர் சஞ்சீவி மருந்துகள் என்று ஊரறிய வழங்கினார். நாற்பது ஆண்டு கழித்துத் தாம் எழுதிய பெருநூலுக்கும் கருணாமிர்த சாகரம் என அவ்வாசானை நினைவூட்டும் பெயரையே இட்டார். அதே வேளையில் இறுதிவரை திருச்சபையின் உறுப்பினராயிருந்து, ஆண்டவரைப் போற்றும் கீர்த்தனங்களை இயற்றிப் பாடினார். இவ்விரண்டும் எங்ஙனம் பொருந்தும் என்று வினவுவார் அன்றும் இருந்திருப்பர், இன்றும் உளர். அவர் இதற்கு விடை எழுதிக்கொண்டிராமல், வாழ்ந்து காட்டிவிட்டுப் போனார்.

1882-இல் ஞானவடிவு பொன்னம்மாளை மணந்தார். மறு ஆண்டு இருவரும் தஞ்சை சேர்ந்தனர். லேடி நேப்பியர் பெண் பாடசாலையில் அம்மையார் தலைமை ஆசிரியை, கணவர் தமிழாசிரியர். மனைவியின்கீழ்க் கணவன் வேலை பார்ப்பதென்பது 1883-இல் எத்தனை வீடுகளில் நடந்திருக்கும் என்று வாசகர் எண்ணிப் பார்ப்பாராக. பாடசாலை வேலை ஒழிந்த நேரத்தில் மருந்து செய்து கொடுத்தனர். வருவோர் தொகை பெருகவே, 1890-இல் இருவரும் உத்தியோகத்தை விட்டு மருத்துவத்தையே தொழிலாகக் கொண்டனர். மருந்துகள் தமிழ்நாட்டெங்கும் விலைபோயின. ஊருக்கு வெளியே நிலம் வாங்கி மூலிகையும் கரும்பும் பிறவும் பயிர்செய்தார். மக்கள் அதனைப் பண்டிதர் தோட்டம் என்றனர். சென்னைக் கவர்னராயிருந்த ஸர் ஆர்தர் லாலி காலத்தில், 1909-இல், அவருக்கு ராவ் சாஹேப் பட்டம் கிடைத்தது. மின்சாரத்தால் இயங்கும் அச்சுக்கூடம் ஒன்றும் நிறுவி அதற்கு லாலி எலெக்ட்ரிக் அச்சுக்கூடம் என்று பெயர் வைத்தார்.

இவ்வளவோடு நின்றிருந்தால் அவர் செல்வமும் செல்வாக்கும் உடைய ஒரு வைத்தியராய் முடிந்திருப்பார். நாமும் அவரை மறந்திருப்போம். ஐம்பது வயதுக்குமேல் அவரை ஓர் ஐயம் பற்றிக்கொண்டது. அவ்வையமே அவரது பிற்காலத்தையும் பெரும்பொருளையும் உண்டது.

அவ்வையம் இது. ஒரு ஸ்தாயியில், அஃதாவது கீழ்ச் சட்ஜத்துக்கும் மேற் சட்ஜத்துக்கும் இடையில், சுருதிகள் எத்தனை? பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய சாரங்கதேவர் தம் சங்கீத ரத்தினாகரத்தில் 22 என்றார். அவர்க்குப் பின்வந்தோர் பெரும்பாலும் அதனையே வழிமொழிந்தனர். ஆனால் அவ்விருபத்திரண்டும் எவ்வெவ்விடத்தில் நிற்கின்றன என்று கேட்டால் ஒருவர் சொன்னதை மற்றொருவர் ஒப்பவில்லை. வாய்ப்பாட்டிலும் வீணையிலும் நடைமுறையில் இருந்தவையோ பன்னிரண்டு சுரத்தானங்கள். நூல் ஒன்று சொல்ல, கை வேறொன்று வாசிக்கின்றது. வித்துவான்கள் இதனைக் கண்டும் காணாதவர்போல் இருந்தனர். பண்டிதரால் அவ்வாறு இருக்க இயலவில்லை.

அவருக்கு உதவியாய் நின்ற நூல் சிலப்பதிகாரம். மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்கள் அடியார்க்குநல்லார் உரையோடு அதனைப் பதிப்பித்தது 1892-இல். மறைந்துபோன இசைநூல்களின் செய்திகள் அவ்வுரையுள் ஆங்காங்கே பொதிந்து கிடந்தன. அரங்கேற்று காதையையும் ஆய்ச்சியர் குரவையையும் புலவர்கள் படித்து, யாழ் என்றும் பாலை என்றும் வரும் இடங்களைக் கடந்து போயினர். அவர்க்கு இசை தெரியாது. இசைவாணர் அந்நூலைத் தொட்டதேயில்லை. அவர்க்குப் பழந்தமிழ் தெரியாது. இரண்டும் தெரிந்து, கணக்கும் தெரிந்தவர் ஒருவர் கையில் அந்நூல் சிக்கியது தமிழ் செய்த தவமே. மற்றொன்றும் இங்கே சொல்லத் தோன்றுகின்றது. கண்ணகி விண்ணேறியதாகச் சொல்லப்படும் மலையில் எழுந்த கோட்டம், கூடலூருக்கு மேலே எல்லைமலை முகட்டிலுள்ள மங்கலதேவி கோட்டமே என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகின்றனர். சித்திரைப் பௌர்ணமியன்று மக்கள் அங்கே ஏறுகின்றனர். பண்டிதர் இளமையில் மருந்து கற்ற சுருளிக்கு அது எட்டாத் தொலைவன்று. தாம் முதுமையில் எந்நூலிற் புகுந்து மூழ்கப்போகின்றாரோ, அந்நூலின் தலைவி கோயில்கொண்ட மலையை நோக்கியே அவ்விளைஞர் நடந்திருக்கின்றார்.

இனி அவர் கண்டதைச் சிறிது விளக்குவோம். கணக்கை அஞ்சும் மாணவர் பொறுத்தருள்க.

பழந்தமிழர் ஏழு சுரங்களைக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்றனர். இவற்றுக்கு நூல்கள் கூறும் அலகுகள் முறையே 4, 4, 3, 2, 4, 3, 2. கூட்டினால் 22. இத்தொகையைக் கண்டு, பார்த்தீரா, தமிழ்நூலும் இருபத்திரண்டே கூறுகிறது என்று மற்றவர் மகிழ, பண்டிதர் வேறு விதமாய்ப் பார்த்தார். கைக்கிளைக்கும் விளரிக்கும் மட்டும் மூன்றாய் நிற்பது ஏன்? ஒவ்வொன்றிலும் ஓரலகு குறைத்துப் பாடுவது வட்டப்பாலை முறையில் வந்த ஒரு வழக்கு. குறைக்கு முன் அவையும் நான்கே. ஆகவே ஸ்தாயி முழுவதும் 24 அலகே என்று துணிந்தார். பன்னிரண்டு இராசி வீடுகளை வட்டமாக நிறுத்திச் சுரங்களைப் பொருத்தும் பழைய முறையை அதற்குச் சான்றாக்கினார். ஆயப்பாலையில் 12, வட்டப்பாலையில் 24, திரிகோணப்பாலையில் 48, சதுரப்பாலையில் 96 என இரட்டித்துச் செல்லும் நுட்பங்களையும் வகுத்துக் காட்டினார்.

அவ்வட்டத்தில் குரலினின்று இளிக்குச் செல்வது ஏழு வீடு தாண்டுதல். சட்ஜ பஞ்சம உறவு என்று இன்று நாம் சொல்வது அதுவே. இவ்வாறு பன்னிரண்டு முறை தாண்டினால் ஏழு சுற்றுச் சுற்றித் தொடங்கிய வீட்டுக்கே வந்து சேர வேண்டும். இங்கேதான் சிக்கல். தந்தியின் மூன்றில் இரண்டு பங்கில் பஞ்சமம் பேசும் என்பது யாவரும் அறிந்தது. 32 அங்குலத் தந்தியை எடுத்து, மூன்றில் இரண்டு பங்காகப் பன்னிரண்டு முறை வகுத்து, வந்ததை அவ்வப்போது இரட்டித்து முதல் ஸ்தாயிக்கே கொணர்ந்தால், முடிவில் கிடைப்பது 32 அங்குலம் அன்று, ஏறக்குறைய 31.57 அங்குலம். அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான ஓர் இடைவெளி வட்டத்தை மூடவிடாது நிற்கும். கிரேக்க நாட்டுப் பிதாகோரஸ் பெயரால் மேனாட்டார் வழங்கும் இடைவெளி இதுவே.

வட்டம் மூடவேண்டும் என்பதில் பண்டிதர் உறுதியாய் நின்றார். மூடவேண்டுமாயின் ஒவ்வொரு படியும் ஒரே விகிதத்தில் அமைதல் வேண்டும். ஸ்தாயியைப் பன்னிரண்டு சம விகிதப் படிகளாக்கினால், 32 அங்குலத் தந்தியில் முதல் மெட்டு மேருவினின்று 1.80 அங்குலத்தில் விழும். இருபத்துநான்காக்கினால் முதற் சுருதி 0.91 அங்குலத்திலும் அடுத்தது அதினின்று 0.89 அங்குலத்திலுமாய், இடைவெளி குறுகிக்கொண்டே போகும். பஞ்சமம் 21.33 அங்குலத்தில் நிற்பதற்குப் பதில் 21.36 அங்குலத்தில் நிற்கும். இவ்வேறுபாடு தேர்ந்த செவிக்கும் எளிதிற் புலனாகாது. அச்சிறு விட்டுக்கொடுத்தலைப் பன்னிரண்டு படியிலும் சமமாய்ப் பகிர்ந்துகொண்டால் வட்டம் மூடிவிடுகின்றது.

கணக்கை ஏட்டில் எழுதுவது எளிது. கருவியில் நிறுவுவது அரிது. தஞ்சாவூர் வீணைக்குப் பலாமரக் குடமும் இருபத்துநான்கு மெட்டுக்களும் உண்டென்பது யாவரும் அறிந்ததே. அவை இரண்டு ஸ்தாயிக்கு ஸ்தாயியொன்றுக்குப் பன்னிரண்டாய் நிற்பவை. இரகுநாத நாயக்கர் காலத்தில் அவ்வமைப்பு நிலைபெற்றதென்பர். மெட்டுக்கள் கறுத்த மெழுகின்மேல் பதிக்கப்படுவன. மேளம் கட்டுதல் என்று பெயர்பெற்ற அத்தொழிலில், மெழுகை இளக்கி, மெட்டை நகர்த்தி, தந்தியைத் தட்டிக் கேட்டு, மறுபடியும் நகர்த்தி, செவி ஒப்புமளவும் விடாது செய்தல் வேண்டும். கைத்தொழிலாளியின் செவியன்றி வேறு அளவுகோல் அங்கில்லை. சுருதி என்பது அரை அங்குலத்துக்குள் நடக்கும் காரியமாகும்போது அந்தச் செவியை நம்புவதா, தசாம்சக் கணக்கை நம்புவதா? வித்துவான்கள் செவி என்றனர். பண்டிதர், இரண்டும் ஒத்துப்போகும், வந்து கேளுங்கள் என்றனர்.

கேட்பிக்கும்பொருட்டு 1912-இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கம் என்னும் சபையைத் தஞ்சையில் ஏற்படுத்தினார். 1914 வரை ஆறு மகாநாடுகள் தம் செலவிலேயே நடந்தன. பாடகர், வீணை வித்துவான், நாகசுரக்காரர், பண்டிதர், கணிதம் வல்லார் எனப் பலரும் வந்து வாதிட்டனர். வந்தவர்க்கு விருந்து, வாதத்துக்குத் தடையில்லை, நடந்தவை அச்சில் ஏறின. சங்கீதத்தைப் பரம்பரைச் சொத்தாகக் கொண்டிருந்தோர் நடுவே, மருந்து விற்று வாழும் ஒரு கிறிஸ்தவர் எழுந்து, சாரங்கதேவர் கொள்கையில் பிழை உண்டென்று சொல்வதற்கு எத்துணை நெஞ்சுரம் வேண்டும்! அவர் மருந்தில் ஈட்டியதை இசையில் இறைத்தார் என்று உறவினரே வருந்தியிருந்தாலும் வியப்பில்லை.

அதே காலத்தில் பம்பாய் மாகாணத்தில் வேறொரு கட்சி எழுந்தது. சாங்கலியைச் சார்ந்த தேவல் என்பவர் 1910-இல் இருபத்திரண்டு சுருதி பற்றி நூல் எழுதினார். ஜில்லா நீதிபதியாயிருந்த கிளெமெண்ட்ஸ் என்னும் ஆங்கிலேயர் அவரோடு சேர்ந்தார். மேனாட்டு ஆர்மோனியத்தில் பன்னிரண்டு கட்டைகளே உள்ளமையால் நம் இராகங்கள் அதில் சிதைவுறுகின்றன என்று கண்டு, கூடுதல் கட்டைகள் வைத்து இருபத்திரண்டு சுருதியும் பேசும்படி சுருதி ஆர்மோனியம் ஒன்றை லண்டனில் செய்வித்தனர். கருவியை மாற்றிவிட்டால் வழக்குத் தீரும் என்பது அவர் எண்ணம். கட்டையைக் கூட்டுவதும் மெட்டை நகர்த்துவதும் ஒரே நோக்கத்தின் இரு வழிகளே. ஆனால் ஒருவர் இருபத்திரண்டை நிறுவக் கட்டையைக் கூட்ட, மற்றவர் அதனை மறுக்க மெட்டை அளந்தார்.

இரு கட்சியாரும் எதிர்ப்பட்ட இடம் பரோடா. கெயிக்வாட் மகாராஜா மூன்றாம் சாயாஜிராவ் ஆதரவில், பாத்கண்டே அவர்கள் முயற்சியால், 1916 மார்ச்சு மாதம் 20 முதல் 24 வரை முதல் அகில இந்திய சங்கீத மகாநாடு அங்கே கூடிற்று. பண்டிதர் தம் குடும்பத்தாருடன் சென்றார். அவர் தம் கொள்கையை எடுத்துரைக்க, மகளார் மரகதவல்லி அம்மாள் முதலானோர் வீணையில் அதனை மெய்ப்பித்துக் காட்டினர். குடும்பப் பெண்கள் பொதுச்சபையில் கருவி இசைத்தல் அரிதாயிருந்த அக்காலத்தில், தந்தையின் கணிதத்துக்குச் சாட்சியாக மகள் வீணையேந்தி அமர்ந்த காட்சி நினைக்கத்தக்கது. வடநாட்டு வித்துவான்கள் முன் தமிழர் இசைக்கு அத்தகைய விளக்கம் அதற்குமுன் கிடைத்ததில்லை. எனினும் சுருதி வழக்கு அங்கே முடிவடையவில்லை.

மறு ஆண்டு, 1917-இல், கருணாமிர்த சாகரத்தின் முதற் புத்தகம் அவரது அச்சுக்கூடத்திலேயே அச்சாகி வெளிவந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரும் பக்கங்கள். கடல்கொண்ட தென்னாடு, தமிழின் தொன்மை, சங்கீத ரத்தினாகரத்தின் மறுப்பு, பாலைகளின் விளக்கம், எண்களால் நிறைந்த அட்டவணைகள் என அது விரிகின்றது. உள்ளபடி சொன்னால் அந்நூல் படித்தற்கு எளியதன்று. கூறியது கூறலும் மிகுதி. வழக்கறிஞர் ஒருவர் எதிர்க்கட்சியின் ஒவ்வொரு சாட்சியையும் விடாமல் குறுக்கு விசாரணை செய்வதுபோல் செல்லும். லெமூரியாக் கண்டம் பற்றிய பகுதிகளை இன்றைய நிலநூல் ஏற்பதில்லை.

சம விகிதக் கொள்கையைப் பற்றியும் நடுநிலையாய் ஒன்று சொல்லவேண்டும். பஞ்சமத்தில் அது இழப்பது சிறிதே. ஆயின் அந்தர காந்தாரத்தில் அங்ஙனமன்று. நன்கு சுருதி கூட்டிய தம்புராவின் மந்தரத் தந்தியை மீட்டிவிட்டுக் காதைக் கூர்ந்து வைத்தால், யாரும் தொடாமலே காந்தாரம் ஒன்று எழுந்து ஒலிக்கக் கேட்கலாம். அதன் இடம் 32 அங்குலத் தந்தியில் 25.60 அங்குலம். சம விகிதக் கணக்கு தரும் இடமோ 25.40. ஓர் அங்குலத்தில் ஐந்திலொரு பங்கு வேறுபாடு. அது பழகிய செவிக்கு எட்டும். பாடகன் தம்புராவை அனுசரிப்பானேயன்றிக் கணக்கை அனுசரியான். ஆகவேதான் பிற்கால ஆராய்ச்சியாளரிற் பலர் அவரது இருபத்துநான்கு சம சுருதிகளை ஏற்கவில்லை. ஆனால் இன்றைய கர்நாடக இசைக்கும் பழந்தமிழ்ப் பண்ணுக்கும் உள்ள தொடர்பை நூற்சான்று காட்டி நிறுவமுடியும் என்று அவர் காட்டிய வழி மறுக்கப்படவில்லை. விபுலானந்த அடிகளது யாழ் நூல் 1947-இல் வெளிவந்தபோது அவ்வழியில் முன்னரே ஒருவர் நடந்து தடம் பதித்திருந்தார்.

விந்தை என்னவெனில், செவி ஒப்பாத அக்கணக்கை இயந்திரம் ஒப்பிக்கொண்டது. இக்காலத்து மாணவர் சிந்தசைசர் என்னும் மின்னிசைக் கருவியை அறிவர். 1960-களில் அமெரிக்கராகிய ராபர்ட் மூக் அமைத்த முறைப்படி, மின்னழுத்தம் ஒரு வோல்ட்டு உயர்ந்தால் சுரம் ஒரு ஸ்தாயி உயரும். வோல்ட்டைப் பன்னிரண்டாய்ச் சமமாய்ப் பகுத்தால் சுரங்கள் சம விகிதத்தில் ஏறும். இருபத்துநான்காய்ப் பகுத்தால் பண்டிதரது வட்டப்பாலை அலகுகளே கிடைக்கும். அக்கருவிகளில் ஒலியின் கூர்மையைக் குறைக்கும் வடிகட்டி ஒன்றும் உண்டு. பழைய கருவிகள் சிலவற்றில் அவ்வடிகட்டி, வாசிக்கும் சுரத்தைப் பாதியளவு தொடர்வதா முழு அளவு தொடர்வதா என்று தேர்ந்துகொள்ள ஒரு விசை மட்டுமே இருக்கும். அது போதாதென்று எண்ணுவோர் கருவியைத் திறந்து, சிறு திருகொன்றைப் புகுத்தி, ஸ்தாயிக்கு ஒரு வோல்ட்டு என்னும் அளவு பிசகாது நிற்குமளவும் திருகித் திருகிக் கேட்கின்றனர். சரியாய் நின்றபின் வடிகட்டியே சுரம் பேசும். மெழுகை இளக்கி மெட்டை நகர்த்தும் தஞ்சைத் தொழிலாளி அவ்வேலையைக் கண்டால் தன் இனத்தான் ஒருவனைக் கண்டதாகவே எண்ணுவான்.

ஆர்மோனியத்தின் கதையும் வாசகர்க்குத் தெரிந்திருக்கலாம். நம் தேவாலயங்களிலும் நாடக மேடைகளிலும் அது நிலைத்துவிட்டது. கூடுதல் கட்டை கொண்ட சுருதி ஆர்மோனியம் நிலைக்கவில்லை. 1940-இல் அகில இந்திய வானொலி பன்னிரு கட்டை ஆர்மோனியத்தைத் தன் நிலையங்களினின்று விலக்கிற்று. பல்லாண்டு கழித்தே மீண்டும் இடந்தந்தது. கிளெமெண்ட்ஸ் எழுப்பிய குறை உண்மை. அவர் செய்த பரிகாரமோ வாசிப்பவன் கைக்கு அடங்கவில்லை.

பண்டிதர் கீர்த்தனங்களும் இயற்றினார். ஏறக்குறைய நூறு பாட்டுக்கள். பல கடவுளைப் பற்றியன. மாணவர்க்குச் சுரப்பயிற்சி தருவதற்காக இயற்றியனவும் உண்டு. தமிழில் எழுதவேண்டும், சுரப்படுத்தி அச்சிடவேண்டும், கற்கவரும் சிறுவனுக்கு விளங்கவேண்டும் என்பது அவர் கொள்கை. பாடத்தை மறைத்துவைத்து உரியவர்க்கே உபதேசிக்கும் மரபில், அட்டவணையிட்டு அச்சேற்றிய துணிவு உபாத்திமைப் பாடசாலையின் கொடை என்றே கொள்ளவேண்டும். மலைமுனிவர் மறைவாய்ச் சொல்லிக்கொடுத்தவற்றால் பொருளீட்டிய அவரே, இசையில் மறைப்பு கூடாதென்று அச்சுக்கூடம் வைத்தார்.

நூலின் இரண்டாம் பகுதிக்கு வேண்டிய குறிப்புகளை அவர் தொகுத்துக்கொண்டிருந்தார். இராகங்கள் ஒவ்வொன்றிலும் எவ்வெச் சுருதி எங்கெங்கே வருகின்றது என்று காட்டுவதே அதன் நோக்கம். முதற் பகுதியில் கணக்காய் நின்றதைப் பாட்டாய் மெய்ப்பிக்கவேண்டிய பகுதி அது. அவர் வழக்கின் வெற்றி தோல்வி அதைப் பொறுத்திருந்தது. அச்சேறுமுன் 1919-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 31-ந் தேதி, அறுபது வயது நிறைந்த சில வாரங்களில், தஞ்சையில் அவர் காலமானார்.

கையெழுத்துப் பிரதி வீட்டிலேயே இருந்தது. அவரது குடும்பத்தார் அதனை ஒழுங்குசெய்து, கருணாமிர்த சாகரம் இரண்டாம் புத்தகமாக 1946-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அப்போது அவர் மறைந்து இருபத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. பரோடாவில் அவரோடு வாதிட்டவர்களுள் பலர் அதனைப் படிக்க உயிரோடில்லை.